அப்பா குழலை நான் ரிப்பேர் பண்ணின கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, எழுதினா இருக்கிற கொஞ்ச நஞ்ச மானமும் போயிடுமேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இந்தப் பொங்கலோட ஒரு முடிவுக்கு வந்துட்டதால இப்ப சொல்லிடறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க ஊர் ஒலக்கூர். தாம்பரத்துல பாசஞ்சர் ஏறினா தொழுப்பேடு, கரசங்கால் தாண்டி வரும். அடுத்தது பாஞ்சாலம், அப்புறம் திண்டிவனம். எக்ஸ்பிரஸ்ல போறவங்களுக்கு ஜன்னல்ல ஒரு மஞ்சப் பலகை சர்ருனு போகும், அவ்வளவுதான் எங்க ஊர். ஏரி, நெல்லு, மல்லாட்டை, சவுக்கு. சின்ன வயசுல எங்களுக்கு வாத்தியக் கடைன்னு தனியா எதுவும் கிடையாது. பூவரச இலையைச் சுருட்டினா பீப்பீ. தென்னை ஓலையைச் சுத்தினா நாயனம். பப்பாளி இலைக்காம்பை வெட்டி, ஒரு பக்கம் கீறி விட்டு ஊதினா எருமை கத்தற மாதிரி ஒரு சத்தம். நீளக் காம்பு தடிச்ச குரல், குட்டைக் காம்பு கீச்சுக் குரல். அஞ்சாறு பேர் அஞ்சாறு நீளத்துல வெட்டிக்கிட்டு தெருவுல ஊர்வலம் போவோம். நீளம் குறைஞ்சா சுருதி ஏறும்ங்கிற பௌதிகத்தை ஏழாங்கிளாஸ் சார் சொல்றதுக்கு முன்னாடியே பப்பாளி மரம் சொல்லிக் குடுத்துடுச்சு.

அப்பாவோட சமாசாரம் வேற. சின்னப் பையனா மாடு மேய்க்கிறப்பவே மூங்கில்ல குழல் செய்யக் கத்துக்கிட்டவர். யார்கிட்டன்னு கேட்டா, "மாடு மேய்க்கிறவனுக்கு யாருடா வாத்தியாரு"ம்பார். மயிலம் பங்குனி உத்திரத்துல கழியில குத்தி வச்சு விக்கிற குழல் ஒண்ணை வாங்கி, அதுமேல நூலை வச்சு அளவெடுத்து, அதே மாதிரி செஞ்சாராம். அது சுருதி சேரல. அப்புறம் அளவை விட்டுட்டு காதை வச்சு செஞ்சாராம். எங்க ஊர் பஜனையில மார்கழி மாசம் விடிகாலையில ஊதறது அவர்தான். ஜால்ரா, மிருதங்கம், ஒரு பழைய சுருதிப் பெட்டி, அப்பாவோட ஆறு துளைக் குழல். அது கச்சேரிக் குழல் இல்ல. கர்நாடகக் குழல்ல விரல் துளை எட்டு இருக்கும் (கடைசித் துளையை யாரும் மூடறதில்லைங்கிறது தனிக்கதை). அப்பாது ஆறேதான். ஆறையும் மூடினா கீழ்ப் பஞ்சமம், மேல் மூணை மட்டும் மூடினா ஸட்ஜம். அதுலயே அவருக்கு வேண்டிய எல்லாம் வந்துடும்.

அப்புறம் முன்பல்லு போச்சு. பல்லு போனா குழல் போச்சு. உதட்டுக்குப் பின்னால அணை இல்லைன்னா காத்து ஒரே கோடா துளை விளிம்புல போய் மோதாது, புஸ்ஸுனு சிதறிடும். குழல் துணி சுத்தி பரண்ல ஏறிடுச்சு. ஏழெட்டு வருஷம்.

இதுக்கு நடுவுல, 2020 ஊரடங்குல வீட்டுல சும்மா கிடக்கிறப்ப எனக்கு அந்தப் பைத்தியம் பிடிச்சுது. முதல்ல கரண்டு வேலைக்கு விக்கிற பிவிசி பைப். அப்புறம் மூங்கில். முதல் மூங்கில் குழலை நான் கணக்கு போட்டுத்தான் செஞ்சேன், படிச்ச திமிரு. ரெண்டு பக்கமும் திறந்த குழாயில காத்து நிக்கிற நீளம், சத்தத்தோட வேகத்தை அதிர்வெண்ணோட ரெண்டு மடங்கால வகுத்தா வரும். அஞ்சு கட்டை ஸட்ஜம் வேணும்னா கீழ்ப் பஞ்சமம் 587 ஹெர்ட்ஸ், நீளம் 29.5 சென்டிமீட்டர்னு வந்துது. ஊது துளையிலேருந்து கடைசி வரைக்கும் சரியா 29.5 வச்சு அறுத்தேன். ஊதினா முக்கால் கட்டைக்கும் மேல இறங்கி அழுவுது! காத்துத் தூண் குழலோட நின்னுடாதுங்க. ரெண்டு முனையிலயும் கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும், ஊது துளைப் பக்கம் ரொம்பவே எட்டிப் பாக்கும். நிஜமா வேண்டியது 26.5 கிட்டத்தான். இந்த மூணு சென்டிமீட்டரைத் தெரிஞ்சுக்க எனக்கு நாலு மூங்கில் செலவு.

மூங்கில் பத்தி ஒரு வார்த்தை. திண்டிவனத்துல பந்தலுக்கு விக்கிற மூங்கில் எல்லாம் குழலுக்கு ஆகாது. சதை தடிச்சது, கணு கிட்டக் கிட்ட இருக்கும். குழலுக்கு வேண்டியது ஓடு மெல்லிசா, கணுவுக்குக் கணு நீளமா இருக்கிற ஜாதி. வடக்க பிலிபித்துல ஊரே குழல் செய்யுது, அவங்களே மூங்கிலை அஸ்ஸாம்லேருந்துதான் வரவழைக்கிறாங்க. நானும் அஸ்ஸாம் மூங்கில்தான் வாங்கினேன். நிழல்ல மாசக்கணக்குல காயணும். பச்சையில துளை போட்டா காயறப்ப சுருங்கிப் பிளந்துடும். அதிலயும் ரெண்டைக் கருவண்டு துளைச்சுட்டுப் போயிடுச்சு. அகநானூத்துல கபிலர், வண்டு துளைச்ச மூங்கில்ல கோடைக் காத்து புகுந்து குழல் மாதிரி பாடுதுன்னு சொல்லியிருக்கார். என் வீட்டு வண்டு போட்ட துளையில ஒரு காத்தும் பாடல.

துளை போடறதுக்கு டிரில் மெஷின் வேணாம், மூங்கில் நார் பிரிஞ்சு பிளக்கும். கம்பியைக் காய்ச்சித்தான் சுடணும். முதல்ல குடைக்கம்பி, அப்புறம் கொஞ்சம் பெரிசு. நான் கேஸ் அடுப்புல கம்பியைச் செக்கச் செவேல்னு காய்ச்ச, தங்கமணி போட்ட சத்தம் எந்த ஸ்தாயின்னு இன்னும் கண்டுபிடிக்கல :-) இந்த வேலை ரொம்பப் பழசு. பெரும்பாணாற்றுப்படையில ஒரு இடையன் தீக்கடைகோல்ல நெருப்பு உண்டாக்கி அந்தக் கொள்ளியாலயே குழலுக்குத் துளை போடறான், புகை மணக்க மணக்க. (நம்ம திண்டிவனத்துக் கிடங்கல் வர்றது சிறுபாணாற்றுப்படையில, ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஊரா. குழல்காரன் மட்டும் பெரும்பாணுக்குப் போயிட்டான். எங்களுக்குக் கொடுத்து வைக்கல.)

ஒரு மாதிரி கை பழகினப்புறம் முறை புரிஞ்சுது. எல்லாத்தையும் கொஞ்சம் குறைச்சலாவே வைக்கணும். நீளத்தைக் கூடுதலா விட்டு, ஊதிப் பாத்து, உப்புத்தாள்ல தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தணும். துளையைச் சின்னதா போட்டு எலிவால் அரத்தால கொஞ்சம் கொஞ்சமா பெரிசாக்கணும். பெரிசாக்கினா சுருதி ஏறும். அதுவும் ஊது துளைப் பக்கத்து விளிம்பை அராவினா சீக்கிரம் ஏறும். கடைசித் துளையிலேருந்து மேல் நோக்கி ஒவ்வொண்ணா வரணும், ஏன்னா மேல போடற துளை ஒவ்வொண்ணும் கீழ இருக்கிறதையும் லேசா அசைக்கும். ஏறினதை இறக்கறதுதான் கஷ்டம். அரம் போன வழி திரும்பி வராது.

இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

போன வருஷக் கடைசியில அப்பாவுக்கு ஒருவழியா பல் செட்டு வச்சோம். வயசு எழுபத்தாறு. கறிச்சோறு சாப்பிடறதைவிட குழல் ஊதத்தான் ஒத்துக்கிட்டார்னு அம்மா சொன்னாங்க. சரி, பொங்கலுக்குப் போறப்ப பரண்ல இருக்கிறதை எடுத்துத் துடைச்சு, எண்ணெய் போட்டு, 'டியூன்' பண்ணிக் குடுத்தா மனுஷன் அசந்துடுவார்னு நெனச்சேன். போகி அன்னிக்கு அவர் கழனிக்குப் போனதும் குழலை இறக்கினேன். கை பட்டுப் பட்டுக் கருத்து, துளை ஓரமெல்லாம் வழவழன்னு, ரெண்டு முனையிலயும் பிளக்காம இருக்க மெழுகு போட்ட நூல் சுத்து. மொபைல்ல டியூனர் ஆப்பைத் திறந்து ஊதினேன்.

எல்லாம் சிவப்பு.

ஸட்ஜம் அஞ்சு கட்டைக்கு 20 செண்ட் கீழ. காந்தாரம் 34 கீழ. தைவதம் 35, 36 கீழ. (பக்கத்து ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கிற தூரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு செண்ட்.) பாவம் அப்பா, இத்தனை வருஷமா இதை வச்சா ஊதினாரு, யாரும் சொல்லலையேன்னு எனக்கு ஒரு பரிதாபம் வேற. அவ்வ்வ்வ்.

ஒரு மணி நேரம்தான். கடைசி முனையில மூணு மில்லிமீட்டர் அறுத்து பஞ்சமத்தை ஏத்தினேன். ஆறு துளையையும் அரத்தால விரிச்சேன். காந்தாரத் துளையையும் தைவதத் துளையையும் மத்ததைவிடக் கூடவே அராவ வேண்டியிருந்துது. ஆறும் பச்சை காட்டிச்சு. வழவழன்னு தேய்ஞ்சிருந்த விளிம்பெல்லாம் புது மூங்கிலா வெள்ளையா தெரிஞ்சுது. அப்பவாவது வயித்துல ஏதாவது பண்ணியிருக்கணும். இல்ல. உப்புத்தாள் போட்டு நல்லெண்ணெய் தடவி அலமாரியில வச்சேன்.

பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் பஜனை மண்டபத்துலேருந்து சுருதிப் பெட்டியை யாரோ கொண்டு வந்து வச்சாங்க. தம்பிப் பசங்க, பக்கத்து வீட்டு அத்தை, எல்லாரும் திண்ணையில. அப்பா குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். துளை மேல கட்டை விரலை வச்சுத் தடவினார். ஒண்ணும் சொல்லல. பெட்டி கும்முனு ஆரம்பிச்சுது, ஊதினார். நிறுத்திட்டார். மறுபடி ஊதினார். உதட்டைக் கொஞ்சம் கீழ இறக்கி, குழலை உள் பக்கமா லேசா உருட்டி ஊதினார். அப்படிப் பண்ணினா ஊது துளை கொஞ்சம் மூடிக்கும், சுருதி இறங்கும். ஸட்ஜம் பெட்டியோட வந்து சேர்ந்துது. எனக்கு மூச்சு வந்துது. ஆனா காந்தாரத்துக்குப் போறப்ப எல்லாம் முகம் சுளிச்சார். எனக்கே கேட்டுது. பெட்டிச் சத்தத்தோட ஒட்டாம ஒரு வவ்வவ்வுன்னு ஒரு நடுக்கம்.

"என்னாடா இது, குழலுக்கு ஜொரம் அடிக்குது" ன்னார்.

பல் செட்டு புதுசு, பழகலைன்னு அம்மா சொன்னாங்க. அப்பா தலையாட்டிட்டு குழலைத் துணியில சுத்தினார். ஏழெட்டு வருஷம் காத்திருந்த மனுஷன், ரெண்டு நிமிஷம் ஊதிட்டு, பல்லுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு உள்ள போயிட்டார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்ல.

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். அப்பா சுருதி சேத்தது அந்தப் பெட்டியோட. அது பழசு, 20 செண்ட் இறங்கிக் கிடக்கு. அதுக்கு குழல் சரியாத்தான் இருந்திருக்கு. ஆப்ல 440 ஹெர்ட்ஸ்னு இருக்கிற இடத்துல 435ன்னு மாத்தியிருந்தா ஸட்ஜம் தன்னால பச்சை காட்டியிருக்கும், ஒரு அரமும் வேண்டியதில்ல. அதையாவது சின்ன தப்புன்னு விடலாம். காந்தாரம்தான் பெரிய தப்பு. 34லேருந்து 20 கழிச்சா 14. தைவதத்துல மிச்சம் 15, 16. ஆப்புக்குத் தெரிஞ்சது பியானோ, கீபோர்டு கணக்கு, பன்னெண்டு சுரமும் சம இடைவெளி. ஆனா ஸட்ஜம் விடாம ஒலிச்சுக்கிட்டு இருக்கிறப்ப அதோட நடுங்காம ஒட்டி நிக்கிற அந்தர காந்தாரம் 4க்கு 5ங்கிற விகிதத்துல வரும். அது கீபோர்டு காந்தாரத்தைவிட 14 செண்ட் கீழ. ஒட்டி நிக்கிற தைவதம் 3க்கு 5, அது 16 செண்ட் கீழ. பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸோட நிறுத்தின எங்கப்பா, பெட்டியை வச்சுக்கிட்டு, சூட்டுக் கம்பியும் காதும் மட்டுமே கருவியா, அந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருந்திருக்கார். பொறியியல் படிச்ச நான் அதைத் தப்புன்னு திருத்திட்டேன்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் அடிச்சுக்கிட்டு இருந்தவர்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். கையில பச்சை வர்ணத்தோட அப்படியே நின்னார். "அப்ப பல்லு காரணம் இல்லியா?" ன்னு கேட்டார். இல்லப்பான்னேன். "அதானே பாத்தேன்" ன்னு சொல்லிட்டு அடுத்த கொம்புக்குப் போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே, "திண்டிவனம் போனா நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு ஒரு அம்பது கிராம் வாங்கியா" ன்னார்.

தேன்மெழுகை உள்ளங்கையில வச்சு உருட்டி எளக வச்சு, கட்டை விரல் நகத்தால ஒவ்வொரு துளையோட மேல் விளிம்புலயும், அதாவது ஊது துளைப் பக்கத்து விளிம்புல, கடுகு அளவு வச்சு அழுத்தினார். துளை சின்னதாகும், கொஞ்சம் கீழயும் தள்ளிப் போகும், ரெண்டுமே சுருதியை இறக்கற வேலை. காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் கூட வச்சார். ஒவ்வொண்ணுக்கும் பெட்டியைப் போட்டு ஊதறார், நகத்தால வழிக்கிறார், மறுபடி வைக்கிறார். நடுக்கம் மெதுவாகி மெதுவாகி நிக்கிற இடம் வரைக்கும் போய், அதைத் தாண்டிட்டா மறுபடி வழிக்கிறார். மொத்தம் மூணு மணி நேரம். நான் அறுத்த மூணு மில்லிமீட்டருக்கு என்ன பண்ணுவார்னு பாத்தேன். பனை ஓலையில மெல்லிசா ஒரு கீத்து கிழிச்சு, கடைசி முனையைச் சுத்தி மெழுகு போட்டு ஒட்டி, மூணு மில்லிமீட்டர் வெளிய நீட்டி விட்டார். நூல் சுத்தினார். பஞ்சமம் வந்து உக்காந்துடுச்சு. அரிஞ்ச குழல்னு பாத்தாத்தான் தெரியும்.

சத்தம் பழையபடி ஆச்சான்னா, ஆகல. மெழுகு வச்ச துளைக்கு அந்தப் பளிச்சுனு இருக்கிற குரல் வராது, கொஞ்சம் மூடாக்கு போட்ட மாதிரிதான். அப்பா "பரவால்ல"ன்னார். அவருக்குத் தெரியாதா என்ன.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையில அடியார்க்கு நல்லார் குழலுக்கு அளவு சொல்றார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். மூடின முனையிலேருந்து 2 விரல் விட்டு ஊது துளை, அங்கேருந்து 7 விரல் விட்டு, அடுத்த 9 விரல்ல விரல் துளைங்க, கடைசியில 2 விரல் மிச்சம். கூட்டினா இருபது சரியா வருது. மூங்கில்ல செய்யறது உத்தமம், வெண்கலம் மத்திமம், மரம் அதமம்னும் வரும். ஆனா அதே உரையில, மூங்கில் பொழுதுக்குத் தக்கபடி மாறும், மரம்தான் எப்பவும் ஒத்து நிக்கும்ங்கிற அர்த்தத்துல ஒரு குறிப்பும் இருக்கு. மாறுற சாமானை உத்தமம்னு எப்படிச் சொன்னாங்கன்னு நான் யோசிச்சதுண்டு. அளவு யாருக்கும் விரல்தான், அவங்கவங்க விரல். அங்குலக் கணக்குல பாத்தா ஏறக்குறைய 15 அங்குலம், ஆனா யார் விரல்னு கேட்டா முடிஞ்சுது கதை.

பொழுதுக்கு மாறறது விளையாட்டு இல்ல. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் மூணு செண்ட். மே மாசம் தகரக் கொட்டாய்க்குக் கீழ 38 டிகிரியில நான் சுருதி சேத்த குழல் ஒண்ணு, மார்கழிக் காலையில 24 டிகிரியில கணக்குப்படி 40 செண்ட் இறங்கணும். மூச்சுச் சூடு பாதியைச் சரிக்கட்டினாலும் மிச்சம் இருக்கும். அதனாலதான் அப்பா விடிகாலையில ஊதப் போற குழலை விடிகாலையிலதான் சேப்பார், அதுவும் பத்து நிமிஷம் ஊதி உள்ள ஈரம் படிஞ்ச பிறகு. நான் இதைச் சோம்பேறித்தனம், மத்தியானம் தூங்கறதுக்குச் சாக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

போன வாரம் போன் பண்ணினார். வெய்யில் ஆரம்பிச்சதுலேருந்து மெழுகு எளகுதாம், காந்தாரம் ஏறி ஏறி இறங்குதாம். குங்கிலியம் கொஞ்சம் கலந்தா இறுகுமான்னு பாக்கணும்னார். அந்தப் பழைய குழலை இனிமே மார்கழிக்கு மட்டும் வச்சுக்கிறாராம், தினப்படிக்குப் புதுசா ஒண்ணு செய்யலாம், மூங்கில் இருக்கான்னு கேட்டார். அஸ்ஸாம் மூங்கில் ரெண்டு கழி மிச்சம் இருக்கு, வண்டு தொடாதது. சனிக்கிழமை பாசஞ்சர்ல எடுத்துட்டுப் போறேன். கம்பி அவர் காய்ச்சுவார், துளை அவர் போடுவார். எனக்கு குடுத்திருக்கிற வேலை சுருதிப் பெட்டி துருத்தியை அடிக்கிறது மட்டும்தான்.

மெழுகுல குங்கிலியம் எத்தனைக்கு எத்தனை கலக்கறதுன்னு யாருக்காவது கைப்பழக்கத்துல தெரிஞ்சா சொல்லுங்க. ஒரேயடியா இறுகி உடையக் கூடாது, நகத்துக்கு வழியணும். அது முக்கியம்னு அப்பா ரெண்டு தடவை சொன்னார்.